சிர்ஃபிட் ஈயை இனங்காண எந்த வழி: படமா, திறவுகோலா, டிஎன்ஏவா?

பூவுக்கு மேலே காற்றில் அப்படியே நின்றபடி சிறகடிக்கும் சிர்ஃபிட் ஈக்களில் இதுவரை அறிவியல் பெயர் பெற்றவை 6000 சிற்றினங்களுக்கு மேல். வெப்பமண்டலத்தில் இன்னும் பெயர் கிடைக்காமல் இருப்பவை ஏராளம். அங்கே ஒன்றைப் பார்த்துவிட்டு "இது என்ன?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். படத்தை, இயற்கைப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடு என்பார் ஒருவர். பிடித்து ஊசியில் குத்தி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் பேசவே கூடாது என்பார் இன்னொருவர். ஒரு காலை மட்டும் எடுத்து டிஎன்ஏ ஆய்வுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது என்பார் மூன்றாமவர். மூவரும் தங்கள் வரையில் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமாகத் தவறும். எந்தத் தவறு நடந்தால் நம் வேலை கெடாது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

எந்த வழியில் போனாலும் முதல் படி ஒன்றுதான்: இது சிர்ஃபிட் ஈதானா? தேனீயாகவும் குளவியாகவும் வேடம் போட்டு, கொட்டும் பூச்சி என்று பறவைகளை நம்பவைத்துத் தப்பிக்கும் குடும்பம் இது. வேடத்தைக் கலைக்க இறக்கையைப் பார்த்தால் போதும். தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி இறக்கைகள். ஈக்கு ஒரே ஜோடி. பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு சமன் உறுப்புகள் இருக்கும். அடுத்து, இறக்கையின் நடுப்பகுதியில் இரண்டு நரம்புகளுக்கு இடையே, எதிலும் போய்ச் சேராமல், மடிப்பு போல ஒரு கோடு ஓடும். பொய் நரம்பு என்று இதைச் சொல்கிறார்கள். இந்தக் கோடும், இறக்கையின் வெளி விளிம்புக்கு இணையாக வளைந்து இன்னொரு விளிம்பு போலத் தோன்றும் நரம்புகளும் சேர்ந்து இருந்தால் சிர்ஃபிட் என்று துணிந்து சொல்லலாம். மிகச் சிலவற்றில் மட்டும் பொய் நரம்பு மங்கிப்போயிருக்கும்.

இதற்கு அடுத்த படி துணைக்குடும்பம். இங்கே வண்ணத்தை நம்பாமல் தோளை நம்ப வேண்டும். தலைக்குப் பின்னால், மார்பின் முன் மூலைகளில் இரண்டு சிறு மேடுகள் இருக்கும். அவற்றில் மயிர் இல்லாமல், தலையின் பின்பக்கம் குழிந்து அவற்றை மூடியபடி ஒட்டியிருந்தால் சிர்ஃபினே. அசுவினியைத் தின்னும் புழுக்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். தோளில் மயிர் இருந்தால் பெரும்பாலும் எரிஸ்டாலினே. அழுகிய நீரில் நீளமான சுவாசக் குழாயை வாலாக நீட்டிக்கொண்டு வாழும் புழுக்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மூன்றாவதான மைக்ரோடோன்டினே எறும்புப் புற்றுக்குள் வளர்வது. அதன் புழுவைப் பார்த்தால் பூச்சியின் புழு என்றே தோன்றாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் அதை நத்தை வகை மெல்லுடலி என்று நினைத்துப் பெயரே வைத்துவிட்டார்கள். நான்காவது பைபிசினே. தோளில் மயிர் இருப்பதால் நெடுங்காலம் எரிஸ்டாலினேயோடு வைக்கப்பட்டிருந்தது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2015இல் தனித் துணைக்குடும்பமாகப் பிரிந்தது. அதன் புழுக்களும் அசுவினி தின்பவைதான். உறவு எங்கே என்று புழு முன்பே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

படம் மட்டும் போதுமா?

படத்தின் பெரிய நன்மை, பூச்சி சாகாது. அனுமதி வாங்கும் தொல்லை இல்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். சில பேரினங்களுக்கு இதுவே தாராளமாகப் போதும். கூட்டுக்கண்ணில் புள்ளியோ பட்டையோ இருந்தால் எரிஸ்டாலினஸ் பக்கம் போகலாம். உலோகப் பச்சையில் பளபளக்கும் பருத்த உடல் என்றால் ஆர்னிடியா. அது அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு வெளியே கிடைத்திருந்தால் அநேகமாக ஆர்னிடியா ஒபீசாதான். மனிதர்களோடு பயணப்பட்டு ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் தீவுகள் வரை பரவியது அந்த ஒன்று. அமெரிக்காவிலேயே எடுத்த படம் என்றால் பேரினத்தின் மற்றச் சிற்றினங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். ஒரே ஈ, இடம் மாறினால் கேள்வியின் கடினமும் மாறிவிடுகிறது.

இடத்தை வைத்து முடிவு செய்வதிலும் ஒரு பொறி உண்டு. டாக்ஸோமெரஸ் அமெரிக்காவுக்கே உரிய பேரினம் என்றுதான் எல்லாரும் வைத்திருந்தார்கள். 2015இல் டாக்ஸோமெரஸ் ஃப்ளோராலிஸ் மேற்கு ஆப்பிரிக்காவில் இருப்பது வெளியானது. இட வடிகட்டியை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஈ கண்முன் இருந்தும் பட்டியலில் ஏறியிருக்காது.

படம் தவறும் விதம் இதுதான்: பழகிய பெயரை நோக்கி இழுக்கும். படத்தைப் பார்த்துப் பெயர் பரிந்துரைக்கும் கணினிப் பார்வை நிறைய படங்கள் உள்ள சிற்றினங்களை மட்டுமே கற்றிருக்கும். படமே இல்லாத வெப்பமண்டலச் சிற்றினத்தைக் காட்டினால், தான் அறிந்தவற்றில் நெருங்கிய ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஆரஞ்சு வயிற்றில் கறுப்புப் பட்டை போட்ட எபிசிர்ஃபஸ் என்றாலே எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்று வந்து நிற்பது இதனால்தான். ஐரோப்பாவில் அதற்குக் குவியல் குவியலாகப் படங்கள் இருக்கின்றன. ஆசிய வெப்பமண்டலத்தில் எபிசிர்ஃபஸ் விரிடாரியஸும் பறக்கிறது. தூரப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஐநேச்சுரலிஸ்ட்டில் குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் ஆய்வுத் தரம் என்ற முத்திரை விழுந்துவிடும். கணினி சொன்னதை ஒருவர் அழுத்தி, அவர் சொன்னதை இன்னொருவர் அழுத்தினாலும் கணக்கு இரண்டுதான். அப்புறம் அதே படம் கணினிக்கு அடுத்த பாடமாகவும் போகலாம்.

வண்ணமும் ஏமாற்றும். எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸின் கூட்டுப்புழு குளிரில் வளர்ந்தால் ஈ கறுத்துப் பிறக்கும். வெப்பத்தில் வளர்ந்தால் வெளுத்துப் பிறக்கும். ஒரே மலையின் அடியிலும் உச்சியிலும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து இரண்டு சிற்றினம் என்று சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

படம் எடுப்பதே வழி என்று முடிவானால், மேலிருந்து அழகாக ஒன்று எடுத்து நிறுத்திவிடக் கூடாது. முகத்தைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். முகத்தின் நடுமேடு எவ்வளவு துருத்துகிறது என்பது, இனங்காண உதவும் கேள்வி வரிசைகளான திறவுகோல்கள் பலவற்றில் வரும் கேள்வி. இறக்கை விரிந்திருக்கும்போது, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி ஒன்று. பின்கால் தெரியும்படி ஒன்று. இஸ்கியோடான் ஆணின் பின்காலில், தொடைக்கு முந்தைய சிறு கணுவில் நீண்ட முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது படத்தில் விழுந்தால் பேரினம் பற்றிச் சண்டையே இல்லை. கண்கள் நெற்றியில் ஒட்டியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்பதும் தெரிய வேண்டும். பெரும்பாலானவற்றில் ஒட்டியிருந்தால் ஆண், விலகியிருந்தால் பெண். பாலினம் தெரியாத படத்துக்குச் சிற்றினப் பெயர் கேட்பது பல பேரினங்களில் வீண் வேலை.

திறவுகோல்

பிடித்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு "ஆம் என்றால் 4க்குப் போ, இல்லை என்றால் 9க்குப் போ" என்று நடத்தும் திறவுகோல்தான் எனக்குப் பிடித்த வழி. காரணம், தவறினாலும் எந்தப் படியில் தவறினோம் என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். படத்திலும் டிஎன்ஏவிலும் அந்த வசதி குறைவு.

இறக்கை நரம்பு ஒன்றே பாதி வழியைக் கடத்திவிடும். எரிஸ்டாலினஸ், ஃபைட்டோமியா, மெசெம்ப்ரியஸ் போன்றவற்றில் ஒரு நீள நரம்பு நடுவழியில் ஆழமாகக் கீழே வளைந்து மேலே ஏறும். அந்த வளைவைப் பார்த்ததும் எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிடும். அடுத்து, இறக்கையின் முன் விளிம்புப் பக்கம் உள்ள அறை விளிம்பைத் தொடும் முன்பே மூடிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் எரிஸ்டாலினஸ், ஃபைட்டோமியா பக்கம். திறந்திருந்தால் மெசெம்ப்ரியஸ் பக்கம். இரண்டே கேள்விகளில் இவ்வளவு தூரம் வந்துவிடலாம். பத்து மடங்கு கண்ணாடி ஒன்றும் நல்ல வெளிச்சமும் இருந்தால் இதுவரை மைக்ராஸ்கோப்பே தேவையில்லை.

திறவுகோல் தவறும் விதம் வேறு. அதற்குத் தேதியும் எல்லையும் உண்டு. உள்ளே இல்லாத ஒன்றைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஐரோப்பியத் திறவுகோலில் வெப்பமண்டல ஈயை ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு கிறிஸ்டியன் தாம்சன் 1999இல் வெளியிட்ட பேரினத் திறவுகோல் இருக்கிறது. தெற்காசியாவுக்கு இன்னும் பலர் கையில் எடுப்பது புருனெட்டி 1923இல் எழுதியதை. அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன், விவரிப்புகள் கவனமானவை. ஆனால் அதில் வரும் பெயர்களை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. அக்காலத்தில் மெகாஸ்பிஸ் என்றிருந்தது இன்று ஃபைட்டோமியா. லாதிரோஃப்தால்மஸ் என்றிருந்தவை எரிஸ்டாலினஸுக்குள் வந்துவிட்டன. மைக்ரோடான் என்ற ஒரே பெயரின் கீழ் கிடந்த பலவற்றை 2013ஆம் ஆண்டின் மறுசீராய்வு பிரித்து மெட்டாடான் போன்ற புதிய பேரினங்களில் வைத்தது. ஆகவே பழைய திறவுகோலில் வந்த விடையை இன்றைய பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதும் அந்த வழியின் ஒரு பகுதிதான். இதைச் செய்யாதவர்கள் பட்டியலில் ஒரே ஈ இரண்டு பெயரில் இரண்டு முறை வருவது சாதாரணம்.

அறுத்துப் பார்ப்பது

சில பேரினங்களில் வெளித்தோற்றம் எவ்வளவு பார்த்தாலும் பயனில்லை. பாரகஸ் அதற்கு நல்ல உதாரணம். அரிசியளவுக்குக் கொஞ்சம் கூடுதலான கறுப்பு ஈ. பல சிற்றினங்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். வயிற்றின் நுனியை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மென்மையாக்கி, கிளிசரினில் போட்டு, பிடிப்பு மடல்களின் வடிவத்தை நிபுணர் வரைந்த படங்களோடு ஒப்பிடுவது வழக்கம். முடிந்ததும் அந்தத் துண்டைச் சிறு குப்பியில் போட்டு அதே ஊசியில் செருகி வைத்துவிட வேண்டும். ஈ இறந்து உடல் விறைப்பதற்குள் வளைந்த ஊசியால் உறுப்பை மெல்ல வெளியே இழுத்துவிட்டால், பிற்பாடு இரசாயனமே இல்லாமல் பார்க்கலாம். இந்தச் சின்ன வேலையை அன்றைக்கே செய்வதால் மிச்சமாகும் நேரம் அதிகம்.

இந்த வழியின் குறை அப்பட்டமானது: பெண் ஈ கிடைத்தால் கை கட்டி நிற்க வேண்டும். பாரகஸ் பெண்ணை மட்டும் பிடித்தவர் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

டிஎன்ஏ

2003இல் பால் ஹீபர்ட் குழு முன்வைத்த டிஎன்ஏ பார்கோடு முறை, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் சுமார் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து, தரவுச் சேமிப்பில் உள்ள மற்றத் துண்டுகளோடு ஒப்பிடுகிறது. பெண்ணா, ஆணா, புழுவா, உடைந்த உடலா என்பதெல்லாம் இதற்குக் கணக்கே இல்லை. அசுவினிக் கூட்டத்தில் கிடைத்த புழு எந்த ஈயாகும் என்று வளர்த்துப் பார்க்காமல் சொல்ல இதை மிஞ்சிய வழி கிடையாது. ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு சிற்றினமாக எழுதி வைத்த பழைய குழப்பங்களையும் இது அவிழ்க்கும்.

ஆனால் ஆய்வகம் திருப்பிக் கொடுப்பது எழுத்து வரிசை மட்டும்தான். பெயர் சேமிப்பிலிருந்து வருகிறது. அங்கே அந்த மாதிரிக்குப் பெயர் வைத்தவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வைத்தாரா, படத்தைப் பார்த்து ஊகித்தாரா என்பதைப் பொறுத்தே நம் விடையும் அமையும். வெப்பமண்டல சிர்ஃபிட்களில் பலவற்றுக்குச் சேமிப்பில் ஒன்றுமே இல்லை. அப்போது வரும் நெருங்கிய பொருத்தம் உறவினரைக் காட்டலாம். அதே சிற்றினத்தைக் காட்டுகிறது என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று சதவீத வேறுபாட்டைச் சிற்றின எல்லையாகப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது வசதிக்கான கோடு. சமீபத்தில் பிரிந்த சிற்றினங்களில் வேறுபாடு அதற்கும் கீழே போகும்; ஒரே சிற்றினத்தின் தொலைதூரக் கூட்டங்களில் மேலே ஏறும். கலப்பினமும் வோல்பாக்கியா போன்ற நுண்ணுயிர்களும் மைட்டோகாண்ட்ரியாவை ஒரு சிற்றினத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திவிடுவதும் உண்டு. அணுக்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்ட செயலிழந்த நகல் துண்டைப் படித்துவிட்டால் விடையே வேறு திசையில் போகும்.

டிஎன்ஏ வேண்டுமா என்பதை ஈயைப் பிடிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எத்தில் அசிட்டேட்டில் கொன்றால் டிஎன்ஏ சிதையும். உறைய வைப்பது நல்லது. 95 சதவீத ஆல்கஹாலில் போட்டால் டிஎன்ஏ நன்றாக இருக்கும், ஆனால் மயிர் ஒட்டிக்கொள்ளும், தூசிப் பூச்சு மறையும், நிறம் போகும். அப்புறம் அதைத் திறவுகோலில் ஓட்டுவது வேதனை. ஒரு காலை மட்டும் ஆல்கஹாலில் போட்டு, உடலை ஊசியில் குத்தி உலர்த்துவதுதான் நடுவழி. ஊசியை மார்பின் நடுவில் குத்தாமல் சற்று வலப்பக்கமாகக் குத்தினால், இடப்பக்கம் முழுசாகப் பார்க்கக் கிடைக்கும். வெப்பமண்டல ஈரப்பதத்தில் பூஞ்சையும், மாதிரிகளைத் தின்னும் வண்டுப் புழுக்களும் வெகு சீக்கிரம் வந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நிபுணருக்கு அனுப்புவது ஐந்தாவது வழி இல்லை. மேலே சொன்னவற்றில் ஒன்றை வேறொருவர் கையால் செய்வது. அவர் காத்திருப்பதை விடக் கேட்பவர் காத்திருப்பதே அதிகம். நாடு தாண்டி மாதிரி அனுப்புவதற்கு, மரபு வளங்களை நாடுகள் பகிர்ந்துகொள்வது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் அந்தந்த நாட்டுச் சட்டமும் கேட்கும் அனுமதிகள் வேண்டும். காப்புக் காடுகளில் பிடிப்பதற்கே முதலில் அனுமதி வேண்டும்.

யாருக்கு எது?

பூக்களுக்கு வரும் பூச்சிகளை எண்ணிக் கணக்கெடுப்பவருக்குப் பெரும்பாலும் பேரினம் போதும். படம் எடுக்கலாம், ஒவ்வொரு வகைக்கும் சில மாதிரிகளைப் பிடித்துத் திறவுகோலில் ஓட்டிவிட்டால் மீதியைப் பார்வையால் பிரிக்கலாம். அங்கே சிற்றினப் பெயர் ஒன்றிரண்டு தவறினாலும் ஆய்வு கவிழாது.

அசுவினியைக் கட்டுப்படுத்த ஈயை வளர்த்து விட நினைப்பவர் கதை வேறு. தவறான சிற்றினத்தை வளர்த்தால் வேலை மொத்தமும் போச்சு. இவருக்கு அறுத்துப் பார்ப்பதும் டிஎன்ஏவும் இரண்டும் வேண்டும். அதுவும் ஒரே ஈயிலிருந்து. ஒரு ஈயை அறுத்து, வேறொரு ஈயின் காலை அனுப்பி இரண்டையும் சேர்த்து எழுதினால் எதுவும் நிரூபணமாகாது.

ஒரு பகுதியின் பட்டியல் தயாரிப்பவரிடம் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். பட்டியல் பல்லாண்டு நிற்கும். அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவார்கள். எனவே ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு மாதிரி இருக்க வேண்டும். இடம், ஆயத்தொலைவு, தேதி, பிடித்தவர், எந்தப் பூவில் என்ற விவரம் கொண்ட சீட்டு அதே ஊசியில் இருக்க வேண்டும். படம் மட்டும் உள்ளவற்றைத் தனியாகக் குறித்துவிட்டால் போதும். தூக்கி எறியத் தேவையில்லை.

இவ்வளவும் செய்தபின் எதிலுமே பொருந்தாத ஈ மிஞ்சும். வெப்பமண்டலத்தில் இது அரிதல்ல. உடனே புதிய சிற்றினம் என்று துள்ள வேண்டாம். வீடெமான், மக்கார், வாக்கர் போன்ற பூச்சி ஆய்வாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் சில வரிகளில் விவரித்துப் பெயர் வைத்தவை ஏராளம்; அந்தப் பெயர்களுக்கு ஆதாரமான மூல மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிடாமல் வைக்கும் புதுப் பெயர், பழைய பெயரின் இன்னொரு நகலாகவே முடியலாம்.

படத்தை வைத்தே புதிய சிற்றினம் அறிவிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு 2015இல் நடந்ததைச் சொல்லலாம். தச்சுத் தேனீயைப் போல வேடமிட்ட, சிர்ஃபிட் அல்லாத வேறு குடும்பத்துத் தென்னாப்பிரிக்கத் தேனீ-ஈ ஒன்றை, மாதிரி கையில் இல்லாமல், படங்களை மட்டும் வைத்து மார்லெயிமியா சைலோகோபே என்று பெயரிட்டார்கள். பெயரிடல் விதிகள் அதை அனுமதிக்கின்றன என்று ஒரு தரப்பும், இப்படிப் போனால் பின்னால் எதையும் சரிபார்க்க முடியாது என்று இன்னொரு தரப்பும் கடுமையாக மோதின. 2000ஆம் ஆண்டிலிருந்து வைக்கும் பெயர்களுக்கு மூல மாதிரி எது என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. மாதிரி தப்பிப் போய்ப் படம் மட்டும் மிஞ்சும் நிலைக்கு அதில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. சிர்ஃபிட்களில் அந்தக் கதவு வழியே போக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தோள் மயிரும் இனப்பெருக்க உறுப்பும் எந்தப் படத்திலும் முழுசாகக் கிடைப்பதில்லை.

மூல மாதிரிகளோடு ஒப்பிட்டு முடிவு தெரியும்வரை பேரினப் பெயரை எழுதி, பக்கத்தில் சிற்றினம் 1, சிற்றினம் 2 என்று எண் போட்டு வைத்தால் போதும். தெரிந்த ஒரு சிற்றினத்துக்கு மிக நெருங்கி, ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டியதாக இருந்தால் நடுவே 'கான்ஃபெர்' என்பதன் சுருக்கத்தையும் (cf.), அதற்கு உறவானது, ஆனால் நிச்சயம் அது இல்லை என்றால் 'அஃபினிஸ்' என்பதன் சுருக்கத்தையும் (aff.) சேர்ப்பார்கள். அந்த எண் எந்த ஊசியில் உள்ள எந்த ஈயைக் குறிக்கிறது என்பதை மட்டும் குறிப்பேட்டிலும் சீட்டிலும் ஒரே மாதிரி எழுதி வைக்க வேண்டும். அடுத்து வருபவர் கேட்கப்போவது அந்த ஈயைத்தான்.